நாற்பத்திரண்டாம் கேள்வி

அரசுக்காக வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில் மைத்ரேயி யாரிடமும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், கடைசியாக வரும் நாற்பத்திரண்டாவது. ‘உங்கள் பதில்களை அரசுப் பதிவேடுகளோடு சேர்த்துப் பார்க்கச் சம்மதமா?’ அதைக் கேட்டால் போதும், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் முகம் மாறி, சொன்னதையெல்லாம் அழிக்கச் சொல்வார்கள். அதனால் கணக்கெடுக்கப் போன எல்லாருமே டேப்லெட்டில் ‘ஆம்’ என்று தட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு முடிக்கச் சொன்ன புண்ணியவான் ஏசி அறையில் இருந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், விதவை உதவித்தொகையில் காலம் தள்ளும் சாராளின் வீட்டிலும் அப்படியே தட்டினாள். யார் உங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு, “எம்புள்ள எபினேசருதான். ராஜாத்தி மாரி வச்சிக்கினு இருக்கான்” என்றாள் சாராள். திருநின்றவூரில் குடியேறிய அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. முன்பின் தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

பதில்களையும் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மகன் ஆதரவில் இருப்பவள் என்று சாராளின் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள்.

மைத்ரேயிக்குச் சாராளிடமிருந்து போன் வந்தது. “நான் சம்மதம் சொன்னேன்னு ஆபீஸ்ல சொல்றாங்கோ பாப்பா. நீ அப்டி ஒன்னும் கேக்கலியே? வந்து சொல்லேன்.”

போனாள். சாராள் அலுவலக வாசலில் காத்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

அதிகாரி சுப்பராயன் நிமிர்ந்து பார்த்தார். “சம்மதம் வாங்கலேன்னா அந்தப் பதில் செல்லாதும்மா, இவங்களுக்குப் பணம் திரும்ப வந்துடும். ஆனா கேக்காமலே ‘ஆம்’னு போட்டிருந்தா உங்க வேலை போயிடும். சொல்லுங்க, கேட்டீங்களா?”

சாராள் மைத்ரேயியின் முகத்தையே பார்த்தாள்.

“பாப்பா கேட்டுச்சி சார்” என்றாள் சாராள். “எனக்குத்தான் நெனப்பு இல்ல.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைத்ரேயி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சம்மதம் கேட்டதாக எழுதிய தாளில், அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாராள்தான் அவள் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். “பஸ்ஸு வந்துரும். ஓடு பாப்பா.”