திரும்பி வந்த தோட்டா

கையிலிருக்கும் இந்த ரொட்டியின் மேல் ஆணை, மண்ணுக்குள் கிடக்கும் என் தகப்பன் மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கொசோவோவில் சண்டை முற்றிய கோடை அது. மாவு மில் பக்கத்துச் சாலை வளைவுக்கு மேலே பாறை இடுக்கில் துப்பாக்கிகளோடு படுத்திருந்தோம். செர்பிய ராணுவ லாரி அந்த வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் தலைவன் ருஸ்தெம், முன்பு ஆட்டு வியாபாரி. எங்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பான்.

லாரி வந்தது. அதன் முன்பக்க என்ஜின் மூடி மேல் ஒரு சமையலறை நாற்காலியைக் கட்டி, என் அக்கா ஹாய்ரியேயை உட்கார வைத்திருந்தார்கள். பெண் துணையோடு போகிறவனைச் சுடக் கூடாது என்பது எங்கள் மலை வழக்கம். அது அவர்களுக்கும் தெரியும். பக்கத்து ஊர்களிலேயே வளர்ந்து எங்களை வெறுத்தவர்கள் அல்லவா.

வளைவில் லாரி ஊர்ந்தது. சார்ஜென்ட் தலையை நீட்டி, எங்கள் மொழியில், எங்களைவிடத் திருத்தமாகக் கத்தினான்.

"எங்கடா பதுங்கியிருக்கீங்க, ஆட்டுப் புழுக்கைங்களா? சுடுங்க பாப்போம். உங்க வீட்டுப் பொம்பள எங்ககூட வர்றா."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய மூடிட்டு வா. என் கோழியத் தின்ன வாயி இன்னும் நாறுது."

நான் ருஸ்தெமின் கையைப் பிடித்தேன். "அண்ணே, அது எங்க அக்கா."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்போ வழக்கம்?"

"என் வீட்டக் கொளுத்துனப்ப அவனுங்க வழக்கம் பாத்தானுங்களா? கைய எடுறா."

சுட்டுவிட்டான்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். தோட்டா பாதி வழி போனது. அக்காவைப் பார்த்தது. நின்றது. கழுதை முதுகில் மலை தாண்டி எங்கள் ஆட்களோடு வந்த தோட்டா, அதற்கும் வழக்கம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பி, ருஸ்தெமின் துப்பாக்கிக் குழலுக்குள் நுழைந்துகொண்டது. நான் குழலைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

ருஸ்தெம் மறுபடி விசையை இழுத்தான். தோட்டா வெளியே வர மறுத்துவிட்டது. "மானங்கெட்டது," என்று துப்பினான்.

கீழே சார்ஜென்ட் சிரித்தான்.

"சிரிக்காதடா," என்றாள் அக்கா. "அது உனக்காகத் திரும்பல."

மில் வாசலில் அவளை இறக்கிவிட்டார்கள். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வரை நடந்து வந்தாள். எனக்கு மிளகாய் வதக்கிப் போட்டாள். உப்பு கொஞ்சம் அதிகம்.

அந்த வளைவில் ஊரார் நட்டிருக்கும் நினைவுக் கல்லில், அன்றைய தேதிக்குக் கீழே ஒரே ஒரு பெயர் இருக்கிறது: ஹாய்ரியே.