பெரியம்மா வீட்டுப் பக்கம் போகாதே

மீனாம்பிகைக்கு இரண்டு நயினாதீவு தெரியும். ஒன்று ஊரறிந்தது, குறிகட்டுவானில் படகு ஏறினால் இருபது நிமிடத்தில் அம்மன் வாசல். மற்றது பின்லாந்தில் ஓர் ஏரிக்குள் கிடந்தது. அந்த ஏரியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். முப்பத்திரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தும் அது அவள் வாயில் நுழையவில்லை, கணவர் வாகீசனுக்கும் நுழையவில்லை. நுழையாத பெயரோடு மல்லுக்கட்டுவானேன் என்று அவர் தானே பெயர் வைத்துவிட்டார்.

ஒரு பெயரோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. யூலையில் லீவு கிடைத்ததும் சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அந்த ஏரியைச் சுற்றிவரப் புறப்படுவார்கள். ஆறு நாள், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். காடு, ஏரி, மறுபடி காடு. ஊருக்குத் திரும்ப வழியில்லாத காலம் அது; ஆகவே வேலணையிலிருந்து நயினாதீவுக்குப் போகும் வழியிலுள்ள பெயர்களெல்லாம் அங்கே வந்தன. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்க நடுவால் ரோட்டு ஓடிய இடத்தைத் தாம்போதி என்றார் வாகீசன். வழிப்போக்கர் படுத்தெழும்ப மரத்தால் கட்டி விட்டிருந்த கொட்டில் மடத்துவெளி ஆயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்வரும் மஞ்சள் மிதவை நின்ற துறை குறிகட்டுவான். அதில் ஏறி இறங்கும் சின்னத் தீவு, வேறென்ன, நயினாதீவுதான்.

“உங்களுக்கு விசர்,” என்பாள் மீனாம்பிகை.

“விசரனோட சேர்ந்து நீரும்தானே சைக்கிள் உழக்கிறீர்,” என்பார் அவர்.

கலியாணமாகி ஒன்பது வருடம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் என்றால் நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துத் தொட்டில் கட்டியிருப்பாள். அப்படிச் சுற்றிய நாலாவது கோடையில், மிதவை இறங்கும் இடத்தருகே மூன்று கவடு விட்டு நின்ற ஒரு பேர்ச் மரத்தைக் கண்டதும் அவளுக்கு மனம் தாங்கவில்லை. சால்வையைக் கிழித்து ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்துத் தொட்டிலாக மடித்தாள். கட்ட நூல் இல்லை. வாகீசன் பையில் கிடந்த பழைய சைக்கிள் ரியூபை நீளமாக வெட்டிக் கொடுத்தார். “அம்மன் றப்பரை ஏற்றுக்கொள்ளுவாவோ?” என்று கேட்டாள். “துணி உக்கிப்போம். இது உக்காது,” என்றார். அடுத்த வருடம் கஜாலினி பிறந்தாள். வைத்த இடத்தில்தான் நேர்த்தியைத் தீர்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆகவே பிள்ளையைச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு குட்டி வண்டிலில் வைத்து இழுத்துப் போய், அந்த மரத்தடியில் காஸ் அடுப்பில் பாற்பொங்கல் பொங்கினார்கள். நனைந்த காட்டு வாசத்தோடு அந்தப் பொங்கலின் மணம் இன்றைக்கும் அவள் மூக்கில் நிற்கிறது.

அதெல்லாம் பழங்கதை. முழங்கால் மடங்க மறுத்தபிறகு அவள் அந்தச் சுற்றுக்குப் போவதை விட்டாள். வாகீசன் மட்டும் ஒவ்வொரு யூலையும் வழிக்குறிப்பு எழுதிய கொப்பியோடு தனியே போய் வந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் கண்ணை மூட, அவள் மகளைப் பின்லாந்தில் விட்டுவிட்டு, வேலணையில் இருந்த தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள். அங்கே மரத்துக்கு மரம் வேலணையைக் கண்டவள், வேலணைக்கு வந்து அந்தக் காட்டை நினைத்து ஏங்கினாள். யாரிடம் சொல்வது? வெயிலுக்குள் இருந்துகொண்டு குளிர் தேசத்துக்கு ஏங்குகிறாளாம் என்று வங்களாவடிச் சந்தி முழுக்கச் சிரிக்கும். போதாக்குறைக்கு இன்னொரு பயமும் வந்தது. தாம்போதி என்று நினைத்தால் இப்போது ஊர்த் தாம்போதிதான் கண்ணில் வந்தது. உண்மையான இடங்கள் ஒவ்வொன்றாக அந்தக் காட்டு இடங்களை விழுங்கிக்கொண்டிருந்தன.

இந்த நிலைமையில்தான் அன்று காலை பத்தரைக்குக் கஜாலினியின் போன் வந்தது.

கஜாலினிக்கும் கலியாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. முதல் வருடமே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாகீசன் மெல்லக் கதையைத் தொடங்க, அவள் கோப்பையைத் தள்ளிவிட்டு, “என்ர வயித்தைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்கக்கூடாது,” என்று எழும்பிவிட்டாள். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் இடையே பேச்சு மழை, பனி, காய்ச்சல் என்று சுருங்கிப்போனது.

“அம்மா, நான் மடத்துவெளியில நிக்கிறன்,” என்றாள் கஜாலினி. “அந்த மடத்துவெளி. அப்பாவின்ர கொப்பியோட சைக்கிள்ல வந்தனான். மூண்டு நாளாய் உழக்கிறன்.”

மீனாம்பிகை குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

“திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, அம்மா. இதுதான் கடைசித் தரம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் அந்த மரத்தைப் பாக்கவேணும். ஏனெண்டு கேக்காதேங்கோ.”

“கேக்கேல்லைப் பிள்ளை.”

“இஞ்சயிருந்து மூண்டு கிறவல் மண் ரோட்டு பிரியுது. போனில வரைபடம் பாத்தால் ஏரிக்குள்ள நாப்பது தீவு கிடக்கு. கொப்பியில அப்பா ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்.” எழுத்துக் கூட்டி வாசித்தாள். “‘மடத்துவெளியில் பெரியம்மா வீட்டுப் பக்கம் போகாதே.’ ஆர் அம்மா பெரியம்மா? இண்டைக்கு விட்டால் எனக்கு வேற நாள் இல்லை.”

மீனாம்பிகை கண்ணை மூடிப் பார்த்தாள். வாகீசனின் பெரியம்மா, புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்த கட்டை மனுசி, வெற்றிலை வாயோடு வந்து நின்றார். காடு வரவில்லை. எவ்வளவு முயன்றும் ஒரு மரங்கூட வரவில்லை. மகள் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றைக் கேட்கிறாள், தாய்க்கு வழி மறந்துபோயிற்று. அவளுக்கு அழுகை வந்தது.

“ஒரு மணித்தியாலம் அதில நில் பிள்ளை. எங்கயும் போயிடாதே,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வெளியே எடுத்து ஊர் மடத்துவெளிப் பக்கம் திருப்பினாள். தலைக்குள் இருந்து போனது ஒருவேளை காலில் இருக்கக்கூடும். சந்தைக்கு மட்டும் போய்வந்த சைக்கிள் அது.

சோளகக் காற்று முகத்தில் அடித்தது. தாம்போதியில் ஏறியபோது சைக்கிள் நகர மாட்டேன் என்றது. முழங்கால் அதற்கு மேலே. இறங்கி உருட்டினாள், மறுபடி ஏறினாள். முந்திப்போன ஓட்டோக்காரர் நிறுத்தி, “ஏத்திக்கொண்டு போகட்டோ அம்மா?” என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள். உதட்டில் உப்புப் பட்டது. அங்கே உப்பு இல்லையே என்று நினைத்தாள். அங்கே வாகீசன் தாம்போதியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கையால் ஏரித் தண்ணீரை அள்ளிக் குடிப்பார், ஊர்க் கடல் இப்படி இருந்தால் கிணறு வெட்டத் தேவையில்லை என்பார். அவர் கையிலிருந்து ஒழுகிய தண்ணீர் தெரிந்தது. அதற்குப் பின்னால் தாழ்ந்த பைன் மரங்கள், கரையில் கவிழ்த்து வைத்த தோணி. கால்களைத் தொடர்ந்து காடு வரத் தொடங்கியது.

மடத்துவெளியில் பெரியம்மா வீட்டு ஒழுங்கை இடப்பக்கம் பிரிந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த ஒழுங்கைக்குள் போனவர் யாரும் நேரத்துக்குப் படகு பிடித்ததில்லை. பெரியம்மா கையைப் பிடித்து இருத்திச் சோறு போட்டுவிடுவார். கை கழுவும்போது கடைசிப் படகு போயிருக்கும். மீனாம்பிகை சைக்கிளைப் பிடித்தபடி நின்று சிரித்துவிட்டாள். அங்கேயும் ஒரு மனுசி இருந்தாளே. சிவப்பு மரவீடு, கோப்பிக் கேத்தல், ஏலக்காய் போட்ட பணிஸ். வேலியால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டு இருத்தினாளென்றால் மிதவை போனது போனதுதான். அவளுக்கும் பெரியம்மா என்றே பெயர் வைத்திருந்தார் வாகீசன்.

“கஜா, மூண்டு ரோட்டில தபால் பெட்டியள் வரிசையாய் நிக்கிறது எது?” என்று போனில் கேட்டாள்.

“இடப்பக்கம்.”

“அது கோப்பிக்கார மனிசி வீட்டுக்குப் போகும். அதில போகாதே. நடு ரோட்டு மரம் வெட்டுற இடத்துக்குப் போறது, அது முட்டுச் சந்து. வலப்பக்கத்தால இறங்கு. பெரிய இறக்கம், பிறேக்கைப் பிடிச்சுப் போ. அடியில வளைவுக்கு அங்கால தண்ணி தெரியும்.”

“ஓம் அம்மா.”

“நானும் குறிகட்டுவானுக்குத்தான் போறன்,” என்றாள் மீனாம்பிகை. அது அவள் யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னபிறகு திரும்பிப் போக மனமில்லை. மகளுக்காக அம்மனிடம் ஒருதரம் கேட்டுவிட்டு வருவோம் என்று இறுப்பிட்டி வழியாகத் துறைக்கு உழக்கினாள்.

துறையில் படகு சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்த உடனே கேட்டாள்.

“மரம் நிக்குதோ பிள்ளை?”

“நிக்குது. நீங்கள் கட்டின றப்பரை மரம் மூடி வளந்திட்டுது, ஒரு நுனிதான் வெளியில தெரியுது,” என்றாள் கஜாலினி. “அதுக்கு மேல இன்னும் மூண்டு தொட்டில் கட்டிக் கிடக்கு, அம்மா. அவ்வளவு பழசில்லை. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு கல்லு. நீங்களோ கட்டினது?”

“நான் பத்து வருசமாய் அங்க வரேல்லையே.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கஜாலினியின் கலியாணத்துக்குப் பிறகு வாகீசன் உயிரோடு இருந்தது மூன்று யூலை. வீட்டில் வாய் திறக்கக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் திறக்கவில்லை. முந்நூறு கிலோமீற்றர் உழக்கிப் போய் மரத்துக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வந்து, இந்த முறை நல்ல வெயில் என்று மட்டும் சொன்னார்.

மகள் அழுவதை மீனாம்பிகை தடுக்கவில்லை. அவளும் துறைக் கட்டின்மேல் இருந்து அழுதாள்.

“அம்மா,” என்றாள் கஜாலினி கடைசியில். “என்னட்ட ஒரு பழைய ரியூப் இருக்கு. எப்பிடிக் கட்டுறது?”

“முதல் ஒரு கல்லு எடு. தண்ணிக்குள்ள கிடக்கிற, வழுவழுப்பான கல்லாய்ப் பார்.”

படகின் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு படகுக்காரர் அவளைப் பார்த்தார். “அம்மா, நயினாதீவுக்கு ஏறேல்லையோ?”

மீனாம்பிகை போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “நீங்கள் போங்கோ தம்பி,” என்றாள். “நாங்கள் போய்ச் சேந்திட்டம்.”