தாடி எடுத்த நாள்

பூட்டியிருந்த குளியலறைக் கதவை மகேசன் மாமா மூன்றாம் தரமும் தட்டினார்.

“பிள்ளை, உன்ரை மனுசனிட்டைச் சொல்லு. பதினொரு மணிதான் எரிக்கிற மண்டபத்திலை எங்களுக்குத் தந்த நேரம். பிந்தினால் அடுத்த செத்தவீட்டுக்காரர் வாசல்லை வந்து நிப்பினம்.”

கிருசாந்தி வேட்டியை விரித்து விரித்து மடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் சபாரத்தினம் கண்மூடி எட்டு நாள். ஆண்பிள்ளை இல்லாத மனிதர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, “மருமோன்தான் எனக்குக் கொள்ளி வைக்கவேணும்” என்று வாய்விட்டுக் கேட்டிருந்தார். அவள் புருசன் இல்க்காவும் தலையாட்டினான். கொள்ளி வைக்கிறவன் மீசை தாடி வழிக்கவேண்டும் என்று அந்தப் பின்லாந்துக்காரனுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லுவாள்? ஐஸ் ஹொக்கியில் கடைசிச் சுற்று தொடங்கிவிட்டால், தோற்று வெளியேறும்வரை ஒருத்தரும் தாடியில் கத்தி வைக்கமாட்டார்கள். அது அவர்களுடைய விரதம். இல்க்கா கோல் காப்பவன். பதினைந்து வருடம், மூன்று நாடு, ஆறு கழகம். எங்கே போனாலும் இரண்டாவது ஆள். முதலாமவன் வலைக்கு முன்னால் நிற்பான். இவன் ஓரத்து வாங்கில் குந்தியிருந்து, ஆடுகளத்துக்கு உள்ளே வெளியே போகிறவர்களுக்குச் சின்னக் கதவைத் திறந்துவிடுவான். போன செவ்வாய்க்கிழமை முதலாமவனுக்கு முழங்கால் போய்விட்டது. இன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணி ஆட்டத்துக்கு இல்க்காதான் நிற்கவேண்டும்; அவனுக்குப் பிறகு அனுபவமில்லாத பெடியள் மட்டுந்தான். வயது முப்பத்தைந்து. இனி இப்படி ஒரு நாள் வராது.

“கதவு திறந்துவிடுற வேலைக்குத் தாடி என்னத்துக்கு?” என்றார் மாமா.

“இண்டைக்கு அவர்தான் நிக்கிறார், மாமா.”

“நிக்கட்டுமே, ஆர் வேண்டாமெண்டது? முகமூடி போட்டுத்தானே நிக்கிறவர். உள்ளுக்கை தாடி இருக்கோ இல்லையோ எண்டு பந்து பாத்தே வருது?”

“அது பந்தில்லை, மாமா. கறுத்த வட்டு.”

“என்னவோ ஒண்டு. ஐயரும் வழிக்கத்தான் வேணுமெண்டவர்.”

கதவு திறந்தது. இல்க்கா சவரக்கத்தியைக் கையில் வைத்திருந்தான். முகத்தில் ஒரு மாதத் தாடி அப்படியே இருந்தது. மாமாவைப் பாராமல் அவளிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

“இது உன் அப்பா கேட்டதா? இவர் கேட்கிறதா?”

அப்பா கேட்டது நெருப்பை மட்டுந்தான். தாடியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் மாமா பார்த்துக்கொண்டு நின்றார். மணி பத்தேகால். எட்டு நாளாய் இந்த வீட்டில் எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது.

“அப்பா கேட்டதுதான்” என்றாள்.

அவன் கதவைச் சாத்தினான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

எரியூட்டும் மண்டபத்தில் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்ட ஐயர், இல்க்காவின் தாடையைப் பார்த்தார். தாடி இருந்த இடம் மட்டும் வெளிறி, இரண்டு இடத்தில் கீறல்.

“அட, வழிச்சுப்போட்டாரே? வேலைக்குப் போறவையை நான் இஞ்சை வற்புறுத்திறேல்லைப் பிள்ளை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.”

கிருசாந்தி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா முகட்டைப் பார்த்தார்.

“ஐயர் என்ன சொல்கிறார்?” என்று இல்க்கா கேட்டான்.

“ஒண்டுமில்லை.”

ஐயர் சொன்னபடி எல்லாம் அவன் செய்தான். வாய்க்கரிசி போட்டான். மூன்றுதரம் சுற்றிவந்தான். கடைசியில் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தச் சொன்னபோது, ஒரு நிமிடம் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்று, பிறகு அழுத்தினான்.

செத்தவீட்டுத் துடக்கு என்பதால் அவள் ஆட்டத்துக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு அவன் வந்தான். பக்கத்துப் புளொக் வீட்டுக்காரர் அனுப்பிய சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

“வென்றுவிட்டோம்” என்றான்.

“முகத்தைப் பாத்திட்டு என்ன சொன்னவை?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

சோற்றைக் குழைத்து, ஒரு பருக்கை விடாமல் தின்று, சோற்றுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தான்.

ஆட்டச் சாமான்கள் இருந்த பெரிய பையை அவள் குளியலறைக்கு இழுத்துப் போனாள். வலைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றவனுடைய உடுப்பைப் பிழிந்தால் வாளி நிறைகிற அளவுக்கு வியர்வை வடியுமாம். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கால்கவசங்களை எடுத்தாள். மார்க்கவசம், கையுறை, உள்ளே போடுகிற சட்டை. எதிலும் ஒரு துளி ஈரமில்லை; சட்டை காலையில் மடித்து வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவள் ஒவ்வொன்றாய் எடுத்து உதறி, கொடியில் காயப் போட்டாள்.