லாமூரில் இல்லாத சொல்

மத்தியானம் திடீரென்று ஹர்த்தால் என்றார்கள். ஸ்டாச்சூ ஜங்ஷன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஷட்டரை இறக்கியதும், ரெம்யா பையைத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்தே வந்தாள். அக்ரஹாரத் தெருவில் அவர்களுடையது மாடி வீடு. பாதிப் படி ஏறும்போதே உள்ளே ஒரு குழந்தை பேசுவது கேட்டது.

பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள், அவர்கள் குழந்தை விளையாட வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். மணி மணியான குரல். மூச்சு விடாமல் பேசியது, நடுவில் சிரித்தது, எதற்கோ முடியாது என்று அடம்பிடித்தது. என்ன பாஷை என்று மட்டும் பிடிபடவில்லை. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. எந்த ஊராக இருந்தால் என்ன, பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று வயிறெரிந்துகொண்டே கதவைத் தள்ளினாள்.

பேசிக்கொண்டிருந்தது அவள் பெற்ற அம்மிணிதான்.

அப்பா வெங்கிடேஷின் மடியில் உட்கார்ந்து, லேப்டாப் திரையைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். திரையில் பட்டாபி, வெங்கிடேஷின் காலேஜ் சிநேகிதன், மஸ்கட்டில் வேலை பார்ப்பவன். அவன் ஏதோ கேட்டான். குழந்தை பதில் சொன்னது. ரெம்யாவின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அம்மிணி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றரை வயதாகியும் பேசாத குழந்தை அது. பேசவில்லையே என்று ரெம்யா படாத பாடில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்காத தேங்காய் இல்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் ஜிஜி, “வீட்டில் ஒரு பாஷ மதி, சேச்சீ” என்று, வீட்டில் ஒரே பாஷை போதுமென்று சொன்னதிலிருந்து, இரண்டு பாஷை குழந்தையைக் குழப்பும் என்று பயந்து மலையாளக் கார்ட்டூனை நிறுத்தினாள், வேலைக்காரி லீலாபாயின் மலையாளப் பாட்டை நிறுத்தினாள், அவளே போனில் மலையாளம் பேச வேண்டுமானால் மொட்டைமாடிக்குப் போனாள். அப்படிக் காத்த வீட்டுக்குள்தான் மூன்றாவதாக ஒரு பாஷை சமத்தாக வளர்ந்திருக்கிறது.

“என்ன பாஷை இது?”

வெங்கிடேஷ் சுவரைக் கையால் காட்டினான். “லாமூர்.”

லாமூர் எது என்று ரெம்யாவுக்குத் தெரியும், தெரியாமல் எப்படி இருக்கும். ஹால் சுவர் முழுக்க அந்த வரைபடம்தான். வெங்கிடேஷும் பட்டாபியும் காலேஜ் நாளிலிருந்து கட்டிவரும் கடல் தேசம். தீவுகள், ராஜாக்கள், சண்டைகள், மீன் வரி, தனி எழுத்து, தனிப் பேச்சு. அதில் ஒரு சட்டம் உண்டு. வரைந்ததை, எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் அந்தத் தப்புக்கு ஒரு சரித்திரம் எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் ரெம்யா படத்தின் மேல் பேனா மையைக் கொட்டிவிட்டாள். துடைக்க விடவில்லை. அது இன்றைக்கும் ஒரு எரிமலைத் தீவாக இருக்கிறது. மற்ற வீடுகளில் குடி, சீட்டு, நமக்குத் தீவு, போகட்டும் என்று அவளும் சிரித்துக்கொண்டாள். சிரித்ததற்கு இப்போது அனுபவிக்கிறாள்.

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். வீட்லேர்ந்துதானே வேலை பாக்கறேன், பகல் பூரா நானும் இவளும்தானே. வெளையாட்டுக்குப் பேசினேன். அவ பிடிச்சுண்டுட்டா.”

“பேசறான்னு தெரிஞ்சுண்டேவா என்னோட கிளினிக்குக்கு வந்து உக்காந்திருந்தேள்?”

ஜிஜி முன்னால் ரெம்யா விசும்பி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தவன் இவன். அந்தக் கை இப்போது குழந்தையின் தலையில் இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

“சொன்னா நிறுத்தச் சொல்லுவே. நிறுத்த மனசு வரலை. நானும் பட்டாபியும் யோசிச்சு யோசிச்சுப் பேசறோம், ரெம்யா. இவளுக்குத் தானா வரது. தூக்கத்துல உளர்றதுகூட லாமூர்தான். அந்த பாஷைக்கு இவதான் மொத மனுஷி.” சொல்லச் சொல்ல அவன் முகத்தில் வெட்கம் கெட்ட ஒரு பெருமை ஏறியது.

“அதுல அம்மாவுக்கு என்ன சொல்றது?”

வெங்கிடேஷ் திரையைப் பார்த்தான். பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

“அப்படி ஒரு சொல் இல்லை.”

“இல்லைன்னா?”

“பழைய சரித்திரம் அது. அம்மாமார் எல்லாரும் ஒரே கப்பல்ல போனா. கப்பல் திரும்பலை. அன்னிலேர்ந்து அந்தச் சொல்லை யாரும் சொல்லப்படாதுன்னு ராஜா கட்டளை. அப்படியே அத்துப்போச்சு.”

“யாரு எழுதினது?”

“நான்தான். காலேஜ்ல. நன்னா இருக்குன்னு தோணித்து.”

ஒரு பெண் ‘அம்மா’ என்று கேட்க மூன்றரை வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள். அந்தச் சொல்லை அதற்கும் முன்னால், ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, ஒரு பையன் கடலில் போட்டிருக்கிறான். நன்றாக இருக்கிறதாம்.

“அப்போ என்னை என்னன்னு கூப்பிடறா?”

குழந்தைக்குத் தமிழ் நன்றாகவே புரியும் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து, தினமும் சாயங்காலம் கதவு திறக்கும்போது சொல்வதைச் சொன்னது. “தோவி.”

மழலை என்று நினைத்து ரெம்யா கொஞ்சிக்கொண்டிருந்த சத்தம் அது. தோவி தோவி என்று பாட்டுக் கட்டி, அதைப் பாடித்தான் இரவில் தூங்கப் பண்ணுவாள்.

“தோவின்னா என்ன?”

“வேண்டாம்டா,” என்றான் பட்டாபி.

“சொல்லு,” என்றாள் ரெம்யா. நீங்கோ போய் நீ வந்திருந்தது. இருவருக்குமே அது உறைத்தது.

“பொழுது சாயறச்சே கரைக்கு வர வெளியூர்ப் படகுக்காரி,” என்றான் வெங்கிடேஷ், தரையைப் பார்த்து. “சாமானெல்லாம் குடுப்பா. விடிஞ்சா போயிடுவா.”

தெருவில் ஹர்த்தால்காரர்களின் கோஷம் வந்து, தேய்ந்து போனது. ரெம்யா அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை. மேஜையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள், சுவரருகே போனாள், பெரிய தீவின் துறைமுகத்தில் ஒரு கப்பலை வரைந்தாள். கோணல் மாணலான கப்பல். அதன் மேல்தட்டில் தலை தலையாக வட்டங்கள் போட்டாள்.

“ரெம்யா, என்ன பண்றே? சரித்திரமே மாறிடும்.”

“கப்பல் திரும்பி வந்தாச்சு. எல்லாரும் உசிரோட இருக்கா. அழிக்கப்படாதுன்னு சட்டம் இருக்கோன்னோ? எழுதிக்கோ.”

அம்மிணி மடியிலிருந்து இறங்கி வந்தாள். கப்பலில் விரலை வைத்துப் பார்த்தாள், விரல் நுனி கறுத்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்து லாமூரில் ஏதோ கேட்டாள்.

“என்ன கேக்கறா?”

அவன் சொல்லத் தயங்கினான். “இதுவும் விடிஞ்சா போயிடுமான்னு கேக்கறா.”

நாளைக்கு ஆபீஸ் உண்டு. போகாது என்று குழந்தையிடம் சொல்லிவிடலாம். பொய் சொல்ல ஒரு வீட்டில் ஒருத்தன் போதும் என்று ரெம்யாவுக்குத் தோன்றியது. குழந்தையின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“போகும்டி கண்ணே. சாயங்காலம் வந்துடும். எல்லா நாளும் சாயங்காலம் வந்துடும்.”

அம்மிணி அவள் உதடுகளையே பார்த்தாள். தன் உதட்டையும் அதே மாதிரி அசைத்துப் பார்த்தாள்.

“ஆயங்காலம்,” என்றாள்.

“என்னடா சொன்னா, என்ன சொன்னா?” என்று பட்டாபி திரையிலிருந்து கேட்டான். வெங்கிடேஷின் கை பழக்கதோஷத்தில் புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ள லேப்டாப் பக்கம் போனது. ரெம்யா எட்டி அதை மூடினாள்.