விரிப்பின் மறுமுனை

"அந்தப் பக்கம் யார் பிடிச்சிருக்கா?" என்று வக்கீல் பாப்பா ஒரு விடியற்காலையில் என்னைக் கேட்டாள்.

அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஈர விரிப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையை எதிரே இருந்த வெற்றிடத்தை நோக்கி நீட்டிவிட்டு, யாரோ வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் நின்றிருக்கிறேன். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் நின்றுபோய், அண்ணி என்னை இந்தச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிவந்த அன்று, "பேசத் தெரியாட்டி போகுது, பிடிக்கத் தெரியுமில்ல?" என்று சொல்லி ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறுமுனை அவளுடையது.

எங்களுக்கு வருவது ஆஸ்பத்திரித் துணிகள். இருட்டு பிரியும் முன்பே வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். அவிழ்த்ததும் மருந்தும் மூத்திரமும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். கொதிநீர்த் தொட்டியின் ஆவி கூரைத் தகரத்தில் முட்டி, சொட்டுச் சொட்டாகப் பிடரியில் விழும். சலவைச் சோடா தின்ற விரல்நுனிகளில் ரேகை இருக்காது. பிழிந்த விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று உதறி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்கவேண்டும். உருளை இழுத்துக்கொண்டு, மறுபுறம் மொடமொடவென்று தள்ளும்.

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் மேஸ்திரி கத்துவார். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்துக் கம்பியைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுவோம். "கம்பியக் கட்டியாச்சா?" என்பதுதான் மேஸ்திரி தினமும் எங்களிடம் பேசும் முதல் பேச்சு. யார் முதலில் வருகிறாளோ அவள் கட்டுவாள்.

ஒரு நாள் விரிப்பை உருளைக்குள் கொடுக்கும்போது அண்ணி என்னைப் பார்த்து, "கொஞ்சம் இழுத்து..." என்றாள். மீதி வார்த்தை வரவில்லை. அவளுடைய சட்டைக் கையை உருளை பிடித்துவிட்டது.

சோப்பு கலக்குகிற அக்கா ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். மேஸ்திரியே அண்ணியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. ரத்தக்கறை காய்ந்தால் போகாது, சூடு பட்டால் நிலைத்துவிடும், பச்சைத் தண்ணீரில் உடனே அலச வேண்டும். எங்கள் கைகள் கற்ற முதல் பாடம் அது. அழுதுகொண்டே விரிப்பை உருவி அலசினோம். உருளையைத் துடைத்தோம். கம்பியில் கட்டியிருந்த நாடாவிலும் கறை இருந்தது. அதையும் அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டோம்.

விசாரிக்க வந்த அதிகாரி கம்பியைத் தட்டினார். இயந்திரம் நின்றது. கூடம் பளிச்சென்று இருந்தது.

"தூக்கக் கலக்கத்துல அவளே கைய விட்டுட்டா சார்" என்றார் முதலாளி. அதிகாரி தலையை ஆட்டினார்.

எங்களுக்குத் துணி அனுப்பும் அந்த ஆஸ்பத்திரியிலேயே அண்ணி கண்ணை மூடினாள். மறுநாளும் மூட்டைகள் வந்தன. எந்த விரிப்பில் அவள் கிடந்தாள் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அதனால் எல்லாமே அவளுடையவை ஆயின. அவள் நின்ற இடத்தில் நிற்க ஒருத்தியும் வரவில்லை. உருளை சுற்றத் தொடங்கும்போது வரும் முனகலைக் கேட்டு, எல்லோரும் ஒரு கணம் தலையைத் தூக்குவோம். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்துகொள்வோம். வீட்டில் அவளுடைய மகள் என் சட்டை ஓரத்தைப் பற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். தவறு அம்மாவுடையது என்று ஆகிவிட்டால் அவளுக்கு எந்த நஷ்டஈடும் கிடையாது. தூங்கிவிழுந்து செத்தவளின் மகள் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

இந்த நேரத்தில்தான் வக்கீல் பாப்பா வந்தாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு உதவுவதற்காகச் சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து எங்கள் பகுதி போன்ற இடங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நான் இன்னும் வக்கீல் ஆகலைங்க. மேல வாதாட எங்க சீனியர் வருவாங்க" என்பாள் ஒவ்வொரு முறையும்.

"பாதி வெந்தாலும் சோறு சோறுதான், உக்காரு பாப்பா" என்றாள் சோப்பக்கா.

சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் பாப்பா எங்களோடு கொதிகலன் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நாடாவை அலசியதைச் சொன்னபோது அவள் கை சோற்றிலேயே நின்றது.

"அலசிட்டீங்களா?"

"கறை நிக்குமில்ல?" என்றாள் சோப்பக்கா. சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவளுக்கே கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் பாப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சரிக்கா, நாடா போச்சு. ஆனா தினம் கட்டின கை எல்லாம் இங்கதான இருக்கு? மறுவிசாரணை கேட்டு மனு போடுவோம். அதிகாரி வரும்போது எல்லாரும் உள்ளதச் சொல்லணும்."

"நாங்கதான் கட்டினோம்னா எங்களத்தான புடிப்பாங்க?" என்றாள் விரிப்புகளை மடிக்கிறவள்.

"கட்டாட்டி வேலை உண்டா உங்களுக்கு? கட்டச் சொன்னவங்கதான் பதில் சொல்லணும். ஆனா ஒருத்தர் மட்டும் சொன்னா, அந்த ஒருத்தர் தலையில கட்டிடுவாங்க. அதுதான் எனக்கும் பயம்."

தனக்கும் பயம் என்று அவள் சொன்னது எங்களுக்கு எப்படியோ தெம்பாக இருந்தது.

மறுவிசாரணை நாள் விடிந்தது. அதிகாரி வருவதற்கு முன்பே முதலாளி கூடத்துக்கு வந்துவிட்டார். வக்கீல் பாப்பாவை வாசலிலேயே காவல்காரர் நிறுத்திவிட்டார். கம்பிக் கதவைப் பிடித்தபடி அவள் நிற்பது ஆவிக்கு நடுவே தெரிந்தது.

"என்னம்மா, காலேஜ் பொண்ணு நாலு வார்த்தை சொன்னதும் தலகால் புரியலையா? அவ நாளைக்குப் பாஸாகிப் போயிடுவா. நீங்க இங்கதான் கெடக்கணும்."

"கெடக்கத்தான் போறோம் மொதலாளி. அதான், உசுரோட கெடக்கலாமேன்னு பாக்கறோம்" என்றாள் சோப்பக்கா.

"வாய் நீளுது. அன்னைக்குக் கம்பியக் கட்டினது யாரு? ஒருத்தி பேரச் சொல்லுங்க. அவ ஒருத்தியோட முடிஞ்சிடும்."

"நான்" என்றாள் சோப்பக்கா.

"நானும்தான்" என்றாள் மடிக்கிறவள்.

மூட்டை அவிழ்க்கிறவள், பிழிகிறவள், ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் இளகியது.

"நீ அவ வீட்டு ஆளு. எதிர்லயே நின்னவ. நீ சொல்லும்மா, அவ தூங்கித்தான விழுந்தா?"

உருளை மட்டும் முனகிக்கொண்டிருந்தது. சோப்பக்கா போய் அதை நிறுத்தினாள்.

"தூங்கல" என்றேன். யாருடைய குரலோ போல் இருந்தது. "என்கிட்ட பேசிட்டிருந்தாங்க. பாதிப் பேச்சு இன்னும் பாக்கி இருக்கு."

முதலாளியின் முகம் கறுத்தது. "அப்ப எல்லாரும் வெளிய போங்க! வேற ஆளா கிடைக்காது?"

"போறோம். அதிகாரி வந்ததும் சொல்லிட்டுப் போறோம்" என்று சோப்பக்கா அவிழ்க்காத மூட்டையொன்றின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். மடிக்கிறவளின் தோள் என் தோளில் இடித்தது. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நானும்தான். யாருடைய நடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை.

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். "யோவ், வாயத் தெறந்து சொல்லுய்யா. நீ கட்டச் சொல்லவே இல்லைன்னு சொல்லு. அதிகாரி கேட்டாலும் அதத்தான் சொல்லணும்."

மேஸ்திரியின் உதடுகள் அசைந்தன. எங்களைப் பார்த்தார். அன்று அண்ணியை ஏந்தியிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"சொல்லுய்யா!"

மேஸ்திரி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து ஈர உடம்பில் போட்டுக்கொண்டார். பித்தான்கள் மாறிப் பொருந்தின, சரிசெய்யவில்லை. மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டோம். கம்பிக் கதவைத் திறந்துகொண்டு, வக்கீல் பாப்பாவையும் கடந்து, முதலாளி கேட்ட பொய்யைச் சொல்லாமலே தெருவில் இறங்கிப் போனார்.