மெதுவாகப் போன வண்டி

வாசலில் கொழுந்தன் காரை நிற்க வைத்தே முறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே, இறந்துபோன கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவளின் விரல்கள் ஒவ்வொரு உறுமலுக்கும் நின்று நின்று நகர்ந்தன.

"அண்ணி, மீட்டர்ல மஞ்சள் விளக்கு அணைய மாட்டேங்குது. வண்டி இழுக்கவே இல்ல," என்று ஜன்னல் வழியே சொன்னான். "அண்ணன் ஞாயித்துக்கிழமையானா இப்படித்தானே உறும விடுவாரு. எஞ்சினும் மனுஷனும் அப்பப்பக் கத்திடணும், இல்லேன்னா உள்ள அடைச்சுக்கும்பாரு."

மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நிலையம் நெடுஞ்சாலையில் அரை மணி தூரம். மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வண்டி வழியில் படுத்துக்கொண்டால் மகளுக்கு அப்பாவின் முகம் இல்லை.

அவள் மெக்கானிக்கைப் போனில் அழைத்தாள்.

"மொதல்ல முறுக்குறதை நிறுத்தச் சொல்லுங்கக்கா. அதெல்லாம் அண்ணனோட பழைய வேன் காலம். இந்த வண்டியில புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்க வடிகட்டி இருக்கு. நிக்க வச்சுக் கத்தவிட்டா டீசல் போகும், தெருவோட சாபம் சேரும், அவ்வளவுதான். கொஞ்ச நாளா எப்படி ஓட்டினீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"ரெண்டாவது கியரைத் தாண்டினதே இல்ல." சின்னப் பள்ளத்துக்கும் பின் சீட்டில் அவர் பல்லைக் கடிப்பார். வாழ்நாளெல்லாம் வேன் ஓட்டியவர், இன்னும் மெல்ல, இன்னும் மெல்ல என்று கெஞ்சினார். மாதக்கணக்கில் அவள் பின்னால் வருகிறவர்களின் வசவை வாங்கிக்கொண்டு, தலையில் முட்டைக் கூடை வைத்தவளைப் போல ஓட்டினாள்.

"அதான் அடைச்சிருக்கு. விளக்கு விட்டு விட்டு எரியலையே? அப்பப் பயமில்ல. நெடுஞ்சாலை ஏறினதும் ஒரு கியர் குறைச்சு வச்சு, ஒரே சீரா, விடாம ஓட்டுங்க. சூடேறினாக் கரி தானா எரிஞ்சுடும்." பிறகு தயங்கி, "நீங்களா போறீங்க?"

"இந்த வண்டி இப்ப எனக்குத்தான் பழக்கம்."

"கட்டினவன் கிடக்கிறான், இவ காரோட்டக் கிளம்பிட்டா," என்றாள் நாத்தனார், காதில் விழும்படி.

"நீ இங்க இரு தம்பி," என்று கொழுந்தனிடம் சாவியை வாங்கிக்கொண்டாள்.

நெடுஞ்சாலை வெறிச்சென்று கிடந்தது. கால் அழுத்த மறுத்தது. பழக்கத்தில் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். இனி யாருக்கும் வலிக்காது. கியரைக் குறைத்து மிதித்தாள். முதலில் வண்டி இருமியது. மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. எஞ்சின் போட்ட கூச்சலில், உள்ளே வேறு எந்தச் சத்தம் எழுந்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. விளக்கு எப்போது அணைந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் மகள் வேகமானியை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு வேகமா ஓட்டுவியாம்மா நீ?"

"இன்னிக்குத்தான்."

வீட்டு வாசலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கொழுந்தன் படியிறங்கி வந்தான். சாவியை எடுத்த பிறகும், எஞ்சின் சூடு தணிய, முன்பக்கம் விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. மகளின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"இரு," என்றாள் அம்மா. "அது நிக்கட்டும்."

இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.