நாலாம் வார்த்தை

கருங்கரை சபையில் பெரிய வெள்ளிக்கிழமை என்றால் ஏழு பேர் பேசுவார்கள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை தியானம் நடக்கும். அதில் நாலாம் வார்த்தை பதினோரு வருஷமாகக் கண்டக்டர் வேதமாணிக்கத்துக்கு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்கிற வார்த்தை.

அவர் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரல். வருஷா வருஷம் அவர் சொல்வது ஒன்றுதான். அது முறையீடு இல்லை, ஜெபம். தாவீது ராஜா பாடிய பழைய சங்கீதத்தின் முதல் வரி அது. அழுகையில் ஆரம்பிக்கிற அந்தச் சங்கீதம் துதியில் போய் முடியும். "பஸ்ஸை எடுக்கும்போதே எனக்குக் கடைசி ஸ்டாப் தெரியும். ஆண்டவரும் முதல் வரியைச் சொல்லும்போதே கடைசி வரியை நினைச்சுட்டுத்தான் சொல்லுதாரு" என்பார். ஜனங்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ஞானப்பூ மட்டும் சிரிப்பாள். "எல்லாம் சரிதான். கடைசி ஸ்டாப் தெரிஞ்சவரு எதுக்கு அவ்வளவு சத்தமாக் கத்தணும்?"

"ஒனக்கு ஒண்ணும் விளங்காதுளா. சோத்தப் போடு" என்று சொல்லிவிடுவார். பதில் தெரியாததால்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தது. ராத்திரி முழுக்க மழை. விடிந்தபோது ஆற்றங்கரைத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. பாலைக் காய்ச்சி இறக்குவதற்குள் அது இடுப்புக்கு ஏறிவிட்டது. வேதமாணிக்கமும் ஞானப்பூவும் ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் பியூலாவும் கோவில் மேட்டுக்குப் போய்விடலாம் என்று வெளியே இறங்கினார்கள். பாதி தூரம் போவதற்குள் தரை காலுக்கு எட்டவில்லை.

தெரு முனையில் ஒரு பூவரச மரம். அதை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டார். வலது கையில் ஞானப்பூவின் மணிக்கட்டு. பியூலா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் தொங்கினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியாது. கால் மணி நேரமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். பிறகு யாரோ ஒருவருடைய வைக்கோல் போர் அப்படியே மிதந்து வந்து அவர்கள் மேல் மோதியது. பியூலாவின் ஒரு கை கழுத்திலிருந்து பிரிந்தது. மற்றக் கையும் நழுவ ஆரம்பித்தது.

ஒரு கையை எடுத்துத்தான் அவளைப் பிடிக்க முடியும். மரத்தைப் பிடித்த கையை எடுத்தால் மூன்று பேரும் போக வேண்டியதுதான். அவர் வலது கையை எடுத்தார். மகளின் சட்டையைப் பிடித்து மரத்தோடு சேர்த்து அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. கை விடுகிற அந்த நேரத்தில் ஞானப்பூ கத்தியது காதில் விழுந்தது. "விடாதிய!"

மத்தியானம் பக்கத்து வீட்டுச் சங்கிலிபூதத்தான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தி வந்து இருவரையும் கரை சேர்த்தார். அவரேதான் மூன்றாம் நாள் இரண்டு மைல் கீழே ஒரு வாழைத் தோட்டத்தில் ஞானப்பூவின் உடலைக் கண்டெடுத்தார். அவர் மனைவி இசக்கியம்மாதான் குளிப்பாட்டினாள்.

எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் வேதமாணிக்கம் ஒரே பதிலைச் சொன்னார். "பிடி நழுவிட்டு."

அதன்பிறகு பஸ்ஸில் அவர் குரலை யாரும் கேட்கவில்லை. ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாம் விசில்தான். கைக்குழந்தையோடு இறங்குகிற பெண்கள், "பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி" என்று நீட்டினால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் பியூலா பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் சோறு வைத்து மூடிவிட்டுப் போவாள். சாயங்காலம் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். பரீட்சை எப்போது, அரிசி தீர்ந்துவிட்டது, மண்ணெண்ணெய் போடுகிறார்கள். இவ்வளவுதான் பேச்சு. அம்மாவைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து ஆரம்பித்ததும் குருவானவர் தவமணி வீட்டுக்கு வந்தார். வயதானவர். வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் ஒன்பது பேரை அடக்கம் செய்தவர்.

"நாலாம் வார்த்தை இந்த வருசமும் நீரே சொல்லும் வே."

"என்னால ஆகாது ஐயா. வேற யாருக்காவது குடுத்துருங்க."

"யாருக்குக் குடுக்க? பட்டவன் சொன்னாத்தான் அந்த வார்த்தைக்கு உசுரு. கைவிடப்பட்டதுன்னா என்னன்னு இன்னைக்கு இந்த ஊர்ல உமக்குத் தெரியும்."

கைவிடப்பட்டவன் நான் இல்லை என்று சொல்ல வேதமாணிக்கத்துக்கு வாய்வரை வந்தது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உள்ளே பியூலா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது.

"சரி ஐயா" என்றார்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை ஏப்ரல் மாசத்து வெயிலில் வந்தது. கோவிலில் எல்லோரும் வெள்ளையில் இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பியூலா. முதல் மூன்று வார்த்தைகளும் முடிந்து, ஒரு பாட்டும் பாடி முடிந்தது. வேதமாணிக்கம் எழுந்து போய் நின்றார். எப்போதும் கொண்டுபோகிற நோட்டு கையில் இல்லை.

வேதப்பகுதியை வாசித்தார். இயேசு ஒன்பதாம் மணி நேரத்தில் "ஏலீ, ஏலீ", அதாவது என் தேவனே என்று உரத்த சத்தமாய்க் கூப்பிட்டதையும், பக்கத்தில் நின்ற சிலர் அதைக் கேட்டு, எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்று சொன்னதையும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"பக்கத்துல நின்னவனுக்கே சரியாக் கேக்கல" என்றார். "அவரு தேவனைக் கூப்பிடுதாரு. இவன் வேற யாரையோன்னு நினைக்கான். இத்தனை வருசம் நானும் அப்படித்தான் நின்னிருக்கேன். முதல் ஸ்டாப்பு, கடைசி ஸ்டாப்புன்னு உங்ககிட்ட சொல்லிட்டு இருந்தேன். அது தப்பு. கடைசி ஸ்டாப் தெரிஞ்சவரு எதுக்கு அவ்வளவு சத்தமாக் கத்தணும்னு என் வீட்டுக்காரி கேப்பா. அவ கேட்டதுதான் சரி. அது பாட்டு இல்ல. கேள்வி."

யாரோ இருமினார்கள்.

"கைவிட்டுட்டாரு, கைவிட்டுட்டாருன்னு நாம லேசாச் சொல்லிருதோம். கையை விடுததுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஞானப்பூவோட கை நழுவலை. நான் விட்டேன்."

மூடிய புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துக்கொண்டார்.

"பிள்ளையப் பிடிக்க வேண்டியிருந்துச்சு, விட்டேன். விடாதியன்னு கத்தினா. காதால கேட்டுட்டேதான் விட்டேன். அஞ்சு மாசமா அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் ஒரு பதிலும் சொல்லல. என்னத்தச் சொல்ல? பிரியம் இல்லாமலா விட்டேன்? ஆனா அதைச் சொல்லி என்ன, விட்டது விட்டதுதான? சிலுவையில தொங்குதவருக்கு அன்னைக்கு மேலேயிருந்து ஒரு பதிலும் வரல. ஏன் வரலன்னு வேதத்துல எழுதலை. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுது. விட்டவருக்கும் அந்த நேரத்துல வாயில வார்த்தை இருந்திருக்காது."

பிறகு, "ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். அவளும் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டை ஆரம்பிக்க வேண்டியவர் ஆரம்பிக்கவில்லை. குருவானவர் தலை குனிந்தபடியே இருந்தார். வெகுநேரம் கழித்து ஐந்தாம் வார்த்தைக்குரியவர் எழுந்து, "தாகமாயிருக்கிறேன்" என்று வாசித்து, நாலு வாக்கியம் பேசி உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்கு எல்லோரும் வெளியே வந்தபோது இரண்டு பெரியவர்கள், "நல்ல நாளும் அதுவுமா சபையில வச்சு இதையா பேசுதது" என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. குருவானவர் மட்டும் அவர் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போம் வே. காலையிலருந்து பட்டினி. ரெண்டு வாய் கஞ்சி குடியும்" என்றார்.

பியூலா அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தபோது, கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். கஞ்சியைத் தொடவில்லை.

"அப்பா."

"சொல்லு."

"பக்கத்துல நின்னவனுக்கே சரியாக் கேக்கலன்னு சொன்னியல்லா. உங்களுக்கும் சரியாக் கேக்கலப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"அம்மா வெறுமன விடாதியன்னு சொல்லல. 'பிள்ளைய விடாதிய'ன்னா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. என்னப் பாத்துட்டேதான் சொன்னா. நான் உங்க காதுகிட்டக் கெடந்து அழுதுக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கு."

வேதமாணிக்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"ஏளா, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? சொன்னா எனக்காகத்தான் அம்மா போனான்னு ஆயிருமே. பிடி நழுவிட்டுன்னு நீங்க ஊரெல்லாம் சொன்னிய. அப்படியே இருக்கட்டும்னு இருந்துட்டேன். நழுவினது என் பிடிதானப்பா. நான் ஒழுங்காப் பிடிச்சிருந்தா நீங்க எதுக்கு அம்மாவ விடணும்?"

"எனக்காகச் சொல்லுதியா? என் மனசு ஆறட்டும்னு?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "உங்களுக்காகப் பொய் சொல்லணும்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா."

அவருக்கு மனசு ஆறவில்லை. தன்னைக் காப்பாற்றச் சொல்லித்தான் ஞானப்பூ கத்தினாள் என்று அஞ்சு மாசம் நினைத்திருந்தார். போகிறபோதுகூட அவளுக்குத் தன்னைப் பற்றி நினைப்பு இல்லை. அவள் கடைசியாகச் சொன்னதைப் பாதியாகக் கேட்டு, அதையே சபை நடுவில் நின்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். அவளிடம் அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? கூடவே, இந்தப் பிள்ளை முழுதையும் கேட்டுவிட்டு, தனியாகச் சுமந்துகொண்டு, தினமும் தனக்குச் சோறு வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறது என்பதும் உறைத்தது. அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பியூலா எழுந்து வரவில்லை. அவளும் இருந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள்.

கஞ்சி ஆறி ஆடை கட்டிய பிறகு அவர் சொன்னார். "ஒம் பிடி நழுவாட்டாலும், கொஞ்ச நேரத்துல என் பிடி மரத்துலருந்து நழுவியிருக்கும். ரெண்டு கையும் செத்துப்போயிட்டுது எனக்கு. இதை நீ நம்பணும்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை அவர் லீவு போட்டார். காலையிலே இரண்டு பேரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அடக்கம் பண்ணிய பிறகு இருவரும் அங்கே போனதே இல்லை. ஞானப்பூவின் மேட்டில் நெருஞ்சி படர்ந்து கிடந்தது. மரச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் அதை நிமிர்த்தி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். பியூலா நெருஞ்சியைக் கையாலே பிடுங்க ஆரம்பித்தாள். முள் குத்தக் குத்தப் பிடுங்கினாள். திடீரென்று மேட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "எம்மா, எம்மா" என்று வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

வரப்பு வழியாகப் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த இசக்கியம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சுமையை வேலியோரம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பியூலாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மண்ணைத் தட்டித் தட்டி, "ஏ ஞானப்பூ, ஒத்தையில கெடக்கியேளா, ஒத்தையில கெடக்கியே" என்று அழுதாள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு மூன்று பேரும் எழுந்தார்கள். வேதமாணிக்கம் புல்லுக்கட்டைத் தூக்கி இசக்கியம்மா தலையில் வைத்துவிட்டார். அவள் முன்னால் நடக்க, பியூலா பின்னால் நடந்தாள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தார்.